இடது கதவு

எண்ணெய் ஆலையில் எனக்கு எடை எழுதும் வேலை.
குலையோடு நுழையும் லோரி ஒரு கணக்கு,
கொட்டிவிட்டுத் திரும்பும் லோரி ஒரு கணக்கு,
கழித்தால் மிஞ்சுவதற்குப் பெயர் பழம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எங்கள் தராசுக்குக் கண் தெரியாது.

சத்ரியா வாங்கினேன் என்றதும் அம்மா கேட்டாள்:
அத செய்யுறதயே நிறுத்திட்டானுங்களாமே,
செத்த மாட்டுக்கா புல்லு வாங்கப் போற?
மாடு சாகலம்மா.
இனிமே கன்னு போடாது, அவ்வளவுதான்.

மாதச் சம்பளக்காரன் கைக்கு எட்டிய விலையில்
வளைவை வளைவென்றே
முதுகெலும்புக்குச் சொன்ன காடி.
பாகாவில் இன்று ஓடுவது நான்கு.
ஹைருலின் கறுப்பு.
டயர்க்கடை ஆ ஹெங்கின் வெள்ளை, மழையென்றால் கிளம்பாது.
பெயர் சொல்ல வேண்டாமென்ற போலீஸ்காரர் ஒருவருடையது.
அப்புறம் என் மஞ்சள்.
மஞ்சள் என்பதும் முக்கால் உண்மை:
இடது கதவு சிவப்பு.

பால்மரத்துக்கு நடுவில் பிறந்தவள்
கியர்த்தண்டுக்கு ஒரு ரப்பர் வளையம் தேடி
ஏழு மாதம் அலைந்தேன்.
பின்விளக்குக் கண்ணாடி ஒன்று
சுங்கை சிப்புட்டில் இருப்பதாகத் தகவல்.
நால்வரும் போனோம்,
கண்டிப்பாகப் போய்ச்சேர வேண்டும் என்பதால்
ஹைருல் மனைவியின் மைவியில்.

சிவப்புக் கதவு கோலப்பிலா சாலையில்
பழைய இரும்புக் கடையில் கிடைத்தது.
துருவில்லை, நெளிவில்லை. உள்ளே மட்டும் ஏதோ.
பிரேக் அழுத்தினால் முன்னே ஓடும்,
கிளப்பினால் பின்னே ஓடும்,
கிணிங்.
பிரிச்சுப் பாக்கட்டுமா என்பான் ஆ ஹெங்.
அடுத்த வாரம், என்பேன்.
எத்தனை அடுத்த வாரம்.

ஞாயிறு விடியலில் புக்கிட் புத்துஸ்.
புதிய சாலை லோரிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.
பழைய மலைப்பாதை குரங்குகளுக்கும்
சைக்கிள்காரர்களுக்கும்
எங்களுக்கும்.

அடிவாரக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது.
மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிய ஒருவர்
காவலாளிச் சட்டையோடு வந்தார்.
மற்ற மூன்றையும் பார்க்கவில்லை.
சிவப்புக் கதவைப் புறங்கையால் தொட்டார்,
காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல்.

சத்தம் கேக்குதா இன்னும்?

கேக்குது.

இருவது காசு. பாப்பா போட்டது.
கண்ணாடிச் சந்த உண்டியல்னு நெனச்சுட்டா.

பெயர் சிவநேசன்.
எஞ்சின் சித்தியவானில் யாரிடமோ,
சீட்டு ரெண்டும் ஜொகூர்ப் பக்கம்,
ஸ்டியரிங் எங்கேயென்று தெரியவில்லையாம்.
நான் முழுசாத்தான் வித்தேன், என்றார்,
பிரிச்சவன் வேற.
பாப்பா பினாங்கில் படிக்கிறாள்.
முதல் வருசம் இந்தக் காடிதான் கட்டுச்சு.
எனக்குச் சொன்னாரா
கதவுக்குச் சொன்னாரா.

இருபது காசு என்றதும் ஆ ஹெங் சிரித்தான்:
அங்கிள், வட்டி போட்டிருக்குமே!
அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.
சுற்றிப்போய் இடப்பக்கம் ஏறினார்,
குழந்தை உட்கார்ந்த பக்கம்.
கதவை மெல்லச் சாத்தி,
நீங்க ஓட்டுங்க, என்றார்.

மூன்றாம் கியர். ஈரச் சாலை. மூங்கில் நிழல்.
நான்காவது வளைவில் நான் பிரேக்கைத் தொடுமுன்
அவர் வலது கால் வெறுந்தரையை அழுத்தியது.
சரியான இடம்தான்.
நான் தான் தாமதம்.
கிணிங்.
உச்சிவரை இருவரும் பேசவில்லை.

திங்கட்கிழமை, முதல் லோரிக்கு முன்னால்,
யாருமில்லாத எடைமேடையில் காடியை ஏற்றினேன்.
ஆயிரத்து எண்பது, என்றது திரை.
காசை எடுத்துவிட்டு நிறுத்தினாலும்
இதையேதான் சொல்லும்.
சீட்டில் அச்சடித்து, தேதி போட்டு,
பழம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றேன்.
பின்னால் லோரி ஹாரன் அடித்தது.